மதிலுக்கு அந்தாண்ட கொட்டிய கரி

நாச்சிமுத்துவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. மடத்துக்கு வந்து எட்டு மாசமாகியும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரிதான் திரிந்தார். வயசு ஐம்பத்தெட்டு. இருபத்திரண்டு வருஷம் முலாம் பட்டறை நடத்தியவர். பட்டறையின் மஞ்சள் கழிவுநீரை ஒரு குழிக்குள் விட்டார். அது மண்ணுக்குள் நடந்து ஊர்க்கிணறுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. மடத்துக் கிணறும் தப்பவில்லை. பட்டறையை இழுத்து மூடியாயிற்று. தூக்கம் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

மடத்தை நடத்தும் மரகதம்மா அவரைவிட இருபது வயது இளையவர். அவர் காலில்தான் போய் விழுந்தார்.

"தீட்சை குடுங்கம்மா. வேற பேரு வெச்சு உடுங்க. நாச்சிமுத்துன்னு ஆராச்சும் கூப்பிட்டாலே உடம்பு எரியுதுங்க."

"மொதல்ல குடிக்கற மாதிரி தண்ணி குடுங்க," என்றார் மரகதம்மா.

அவ்வளவுதான், மனுஷன் வேலையில் இறங்கிவிட்டார். மூன்று பெரிய பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கொட்டாங்கச்சியைச் சுட்டுப் பக்குவம் செய்த கரியை நிரப்பினார். அந்தக் கரிக்கு உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். கிணற்றுத் தண்ணீர் அதனூடே இறங்கும்போது பட்டறைக் கழிவிலிருந்து வந்த குரோமியம் என்கிற விஷம் துளைகளின் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

அவசரக்காரர் அல்லவா, சீக்கிரம் இறங்கட்டும் என்று முதலில் பானை ஓட்டையைப் பெரிசாக்கினார். தண்ணீர் மஞ்சளாகவே வந்தது. பிறகு சொட்டுச் சொட்டாக விட்டார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கல்லூரி ஆய்வகத்திலிருந்து சீட்டு வந்தது. தண்ணீரில் விஷம் இல்லை! நாச்சிமுத்து குளித்து, வேட்டி மாற்றி, ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடினார்.

மரகதம்மா வாங்கிக் குடித்தார்.

"விஷம் எங்கீங்க?"

"போயிருச்சுங்கம்மா!"

"எங்க போச்சு?"

"கரிக்குள்ளீங்க."

"கரி?"

"அது ஒட்டிக்க எடமில்லாம ரொம்பிப் போச்சுங்க. பழசை அள்ளி மதிலுக்கு அந்தாண்ட கொட்டிட்டு புதுசு போட்டுட்டனுங்க. பேரு சொல்லுங்கம்மா, நல்ல நேரம் போகுது."

மரகதம்மா மதில் பக்கம் திரும்பினார். மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது.

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

பின்வீட்டு ராமாத்தாள் கரியைப் பொடித்துச் சோற்றுக் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அட சாமி, என்ன கரிங்க இது! கண்ணாடியாட்டம் மினுக்குது!"

குண்டானைப் பிடுங்கினார். "தொடாத ஆத்தா, அது வெசம்!"

"வெசமா? ஐயையோ, சோறாக்குற குண்டானாச்சே! எந்தப் பாவி கொட்டுனான்?"

அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அவள் கைகளில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். கழுவின தண்ணீரையும் கீழே விடாமல் வாளியில் பிடித்துக்கொண்டார். கரியை அள்ளினார். கரி பட்ட மண்ணையும் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி அள்ளினார். எல்லாவற்றையும் மடத்துப் பக்கம் கொண்டுவந்து ஒரு நீலப் பீப்பாயில் போட்டு மூடியை இறுக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. நல்ல நேரமும் போய்விட்டது.

மரகதம்மா பெயின்ட் டப்பாவும் பிரஷும் கொண்டுவந்து நீட்டினார்.

"உள்ள என்ன இருக்குதுன்னு மேல எழுதுங்க. ஆரு வெச்சதுன்னும் எழுதுங்க."

"பேருங்களா? புதுப்பேரு நீங்க இன்னும் சொல்லலீங்களே..."

"தண்ணியில வெசத்தை உட்டவரு பேரை எழுதுங்க."

நாச்சிமுத்து பிரஷை பெயின்டில் தோய்த்தார். 'குரோமியம். விஷம். தொடாதே. நாச்சிமுத்து' என்று எழுதினார். ராமாத்தாள் மதிலுக்கு மேலே எட்டி, கடைசி வார்த்தையை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தலை குனியாமல் நிற்கப் பார்த்தார், முடியவில்லை.

"இதை எத்தனை நாளைக்குங்கம்மா நான் வெச்சிருக்கோணும்?"

"எத்தனை நாளைக்குன்னு கரி கேக்கலீங்களே," என்றார் மரகதம்மா.