இரண்டே சொல் தெரிந்த சுவிட்ச்

கடற்கரை ஊர் ஒன்றில் கண்ணாடி தேய்க்கும் எந்திரம் ஒன்று இருந்தது. மாவாட்டுகிற கிரைண்டரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது சோற்றுப்பானை அளவுதான். வண்ணக் கண்ணாடியில் சன்னல் செய்யும் ஜெசிந்தாவின் மேசைமேல் உட்கார்ந்து, வெட்டிய துண்டுகளின் விளிம்பைத் தேய்த்துக் கொடுப்பது அதன் வேலை.

அதற்குள் ஒரு குடும்பமே குடியிருந்தது. உச்சியில் சுழலும் உருளைக்கு உடம்பெல்லாம் வைரத்தூள், அதனால் தலைகால் புரியாத பெருமை. அடியில் மோட்டார், வாயைத் திறந்தால் உறுமல்தான். தண்ணீரில் ஊறி உருளையை நனைத்துக்கொண்டிருந்த பஞ்சுக்கு வம்பு பேசாவிட்டால் பொழுது போகாது. வெளிப்பக்கம் ஓரமாக ஒரு சுவிட்ச். பாவம், அதற்குத் தெரிந்தது இரண்டே சொல். 'ஆம்' என்றால் எந்திரம் ஓடும். 'இல்லை' என்றால் நிற்கும். அதற்குமேல் ஒரு பேச்சு அதனிடம் கிடையாது.

ஜெசிந்தாவுக்கு ஒரு பழக்கம். மூன்று மூச்சு நேரம் தேய்ப்பாள், எந்திரத்தை நிறுத்துவாள், அதே மேசையில் விரித்திருக்கும் படத்தின்மேல் துண்டை வைத்துப் பொருந்துகிறதா என்று பார்ப்பாள். எந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் மேசை அதிர்ந்து, அடுக்கிவைத்த துண்டுகளெல்லாம் நகர்ந்து, அளவு பிசகிவிடும். அதனால் நாளைக்கு நூறு தரமாவது சுவிட்சைத் தொடுவாள். கண்ணாடித்தூள் கலந்த சேறு வழிகிற ஈரக்கையோடுதான் தொடுவாள். அதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்?

இந்த முறை வந்தது மாதா கோயில் சன்னல். புயலில் நொறுங்கிப் போயிருந்தது. கடல், படகு, படகுக்கு மேலே ஒரு நீல விண்மீன். மற்றதற்கெல்லாம் புதுக்கண்ணாடி வாங்கியாயிற்று. அந்த விண்மீனின் நீலம் மட்டும் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. கோயில் தரையைக் கூட்டி அள்ளியதில் உள்ளங்கை அளவு ஒரே ஒரு துண்டு தப்பியிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் விண்மீனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் படகை இறக்குவார்கள். ஜெசிந்தாவின் வீட்டுக்காரரும் அப்படித்தான். விடிந்தால் கோயில் திருவிழாக் கொடியேற்றம்.

பகல் பதினோரு மணி இருக்கும். நீலத்துண்டில் இன்னும் ஒரு நூலளவுதான் தேய்க்க வேண்டும். ஜெசிந்தா சுவிட்சை அமுக்கினாள். சத்தமே இல்லை. மறுபடி அமுக்கினாள். ஊஹூம்.

"போச்சு" என்று நடுங்கியது நீலத்துண்டு. "இடுக்கியால் என் விளிம்பைக் கடித்து எடுக்கப் போகிறாள். நான் இரண்டாகப் போய்விடுவேன். என்னை விட்டால் வேறு ஆள் இல்லையே!"

உள்ளே சண்டை பிடித்துக்கொண்டது.

"மோட்டார் தூங்கிவிட்டது" என்றது உருளை.

"நானா? எனக்குக் கரண்டே வரவில்லை. வந்தால் உன்னைத் தட்டாமாலை சுற்றவிடுவேன்!"

"எனக்கு அப்போதே தெரியும்" என்றது பஞ்சு. "எல்லாம் அந்த ஓரத்து ஊமையால்தான். கொஞ்ச நாளாகவே அதன் போக்கு சரியில்லை."

எல்லாரும் சுவிட்சைப் பார்த்தார்கள். "ஏய், உன்னை அமுக்கினாளே, என்ன சொன்னாய்?"

"ஆம்" என்றது சுவிட்ச்.

"பொய்! ஆம் என்றால் நாங்கள் ஏன் சும்மா நிற்கிறோம்?"

விளக்கிச் சொல்லச் சுவிட்சிடம் மூன்றாவது சொல் இல்லை.

ஜெசிந்தா ஆள்விட்ட கால்மணி நேரத்தில் எலெக்ட்ரீசியன் செந்தூர்பாண்டி வந்து சேர்ந்தான். அவன் சட்டைப்பையில் டெஸ்டர் இருந்தது. கரண்டைத் தொட்டால் அதன் வயிற்றில் செக்கச்செவேலென்று ஒரு விளக்கு எரியும். கண்ட இடத்திலெல்லாம் மூக்கை நுழைப்பதுதான் அதற்குப் பிழைப்பு.

"சுவரில் இருக்கிறது" என்றது டெஸ்டர். "ஒயரில் இருக்கிறது. சுவிட்சின் இந்தக் காலில் இருக்கிறது. அந்தக் காலில்... அட, இல்லையே!"

"சுவிட்சுதாங்க்கா போயிருக்கு" என்றான் செந்தூர்பாண்டி. "இந்த மாடல் நம்ம ஊருல கெடைக்காது. மதுரையில இருந்துதான் வரணும்."

"மதுரையா? நாளைக்குக் கொடியேத்தம் தம்பி! இன்னைக்குச் சாயந்தரமே சன்னலை மாட்டணுமே!"

"அப்ப ஒண்ணு செய்வோம். சுவிட்சைக் கழட்டிட்டு டைரக்டா குடுத்துருதேன். பிளக்கைச் சொருகுனா ஓடும், பிடுங்குனா நிக்கும். அவ்வளவுதானே சோலி."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சுவிட்சைக் கழற்றி மேசை ஓரத்தில் போட்டான். இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி டேப்பைச் சுற்றினான். பிளக்கைச் சொருகினான். அம்மாடி, மோட்டார் போட்ட கும்மாளத்தைப் பார்க்கணுமே!

"இனிமேல் என்னை நிறுத்த ஆள் கிடையாது!"

"பார்த்தீர்களா, அந்த ஊமை இல்லாமலே காரியம் நடக்கிறது" என்றது பஞ்சு.

ஜெசிந்தா நீலத்துண்டை உருளையில் வைத்து மூன்று மூச்சு தேய்த்தாள். துண்டை எடுத்தாள். பழக்கதோஷம், கை சுவிட்சைத் தேடிப் போனது. அங்கே ஓட்டைதான் இருந்தது. சரியென்று ஓடுகிற எந்திரத்தோடேயே துண்டைப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். மேசை கிடுகிடுவென்று அதிர்ந்தது. கடல் ஒரு பக்கம் நகர்ந்தது, படகு ஒரு பக்கம். விண்மீனுக்கு விட்டிருந்த இடம் எதுவென்றே தெரியவில்லை. படகின் சிவப்புப் பாய்த்துண்டு மேசை விளிம்புக்கே போய்விட்டது.

"நிறுத்து!" என்று கத்தியது நீலத்துண்டு.

"எனக்கு நிறுத்தத் தெரியாதே" என்றது மோட்டார். முதல்தடவையாக அதன் உறுமலில் பயம் இருந்தது. "எனக்கு எப்போதும் அந்தச் சுவிட்சுதானே சொல்லும்!"

ஜெசிந்தா பாய்த்துண்டை ஒரு கையால் தடுத்துக்கொண்டு, மறுகையால் சுவரிலிருந்த பிளக்கை எட்டிப் பிடிக்கப் போனாள். விரல்நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யக்கா! ஈரக்கை!"

செந்தூர்பாண்டி போட்ட கூச்சலில் அவள் கை பிளக்குக்கு ஒரு சாண் தூரத்தில் அப்படியே நின்றது. அவனே பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். எந்திரம் ஓய்ந்தது. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் செஞ்சதுதாங்க்கா தப்பு. ஒரு நிமிசத்துல என்ன ஆயிருக்கும்! இந்த டைரக்ட் சோலியே வேண்டாம். சுவிட்சைப் பிரிச்சுப் பாத்துருவோம்."

ஓரத்தில் கிடந்த சுவிட்சை எடுத்து மூடியை நெம்பினான். உள்ளே சேறு. காய்ந்து கல்லாகிக் கிடந்தது. இரண்டு செம்பு நாக்குகள் ஒன்றையொன்று தொடத்தான் வளைந்திருந்தன. நடுவே சேறு அடைத்திருந்ததால் தொட முடியவில்லை.

"அப்படியானால் அது 'ஆம்' என்றது நிஜம்தானா?" என்று முனகியது மோட்டார்.

செந்தூர்பாண்டி சேற்றை வெயிலில் பிடித்தான். வெளேரென்று தெரிந்ததற்குள்ளே சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பொடிப்பொடியாக மின்னியது. ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். அவள் இதுவரை செய்த அத்தனை சன்னலின் தூளும் அதில் இருந்தது. அவள் விரல்தான் அதை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது.

"ஏங்க்கா" என்றான் அவன் தாழ்ந்த குரலில். "இத்தனை ஈரமும் சேறும் உள்ள போயிருக்கு. ஒருநாளாச்சும் ஒங்க கையில ஷாக் அடிச்சிருக்கா?"

"இல்லையே தம்பி. சுள்ளுனுகூட இருந்ததில்லை."

"எப்படிங்க்கா?" என்றான். அவளுக்கும் தெரியவில்லை. இருவரும் அந்தச் சின்னப் பொருளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு நூறு ஈரவிரல். அந்தப் பக்கம் ஆளைக் கொல்லும் கரண்டு. நடுவில் விரல்கனம்கூட இல்லாத இது.

சேற்றைச் சுரண்டி, செம்பை உப்புத்தாளால் தேய்த்து, வெயிலில் காயவைத்து, பழைய இடத்திலேயே மாட்டினான். தண்ணீர் இறங்காதபடி சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி மேலே போர்த்திவிட்டான். ஜெசிந்தா துண்டுகளைத் திரும்பப் படத்தில் அடுக்கினாள். பிறகு முந்தானையில் கையை ஈரம்போகத் துடைத்தாள். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல்தடவை. சுவிட்சைத் தொட்டாள்.

"ஆம்."

எந்திரம் ஓடியது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, மூன்று. திரும்பவும் கையைத் துடைத்தாள்.

"இல்லை."

எல்லாம் நின்றது. அந்த நிசப்தத்தில் தூரத்துக் கடல் கேட்டது. நீலத்துண்டு தன் இடத்தில் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. ஜெசிந்தாவுக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை கொடி ஏறியது. வெயில் விண்மீன் வழியாக இறங்கி, கும்பிட்டு நின்றவர்களின் நெற்றியிலெல்லாம் நீலம் பூசியது. அடுத்து படகுகள் ஒவ்வொன்றாகக் கடலில் இறங்கின.

பட்டறையில் வைர உருளைதான் முதலில் வாயைத் திறந்தது. அதன் குரலில் பெருமை வடிந்துபோயிருந்தது.

"அத்தனை சேறும் உனக்குள்ளேயே கிடந்ததே. வலித்ததா?"

"ஆம்" என்றது சுவிட்ச்.

"கொண்டுவந்து போட்டவள் அவள்தான். ஒரே ஒரு தடவையாவது கரண்டை அவள்மேல் விட்டுவிடலாம் என்று தோன்றியதா?"

"இல்லை."