பழைய துணி கிடைக்காத ஊர்

முன்னொரு காலத்தில், பழையது எதுவும் கண்ணில் படக்கூடாது என்று பிடிவாதம் பிடித்த ஓர் அரசன் இருந்தான். பிறவியிலேயே அவன் அப்படி இல்லை. மூன்று வயது மகன் நான்கே நாள் காய்ச்சலில் போன பிறகுதான் அப்படி ஆனான். கையில் எடுத்த கிண்ணம், உட்கார்ந்த பாய், போர்த்திய போர்வை எல்லாம் மகனையே நினைவுபடுத்தின. ஒருநாள் சபையில் ஆணை போட்டான்.

"ஒருமுறை நான் பயன்படுத்திய பொருள் மறுமுறை என் முன்னே வரக்கூடாது. வடக்குச் சுவருக்கு வெளியே கொட்டிவிடுங்கள். அங்கிருந்து எவரும் ஒரு துரும்பைக்கூட எடுக்கக் கூடாது. எடுத்தால் நாடு கடத்தப்படுவார்கள்."

மகனைப் பறிகொடுத்தவனிடம் யார் போய் வாதாடுவது? சபையே தலையைக் குனிந்துகொண்டது. வில்லவராயர் என்ற அதிகாரி மட்டும் குனியவில்லை. நாள்தோறும் புதுப் பட்டும் புதுச் சொம்பும் புதுக் கட்டிலும் கொண்டுவந்து நிறுத்தும் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். அரசனின் துக்கம் தீராதவரை தனக்கு ஒரு குறையும் வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வடக்குச் சுவரை ஒட்டி ஓர் ஊருணி இருந்தது. கொட்டியது நிறைந்து ஓராண்டில் அது மேடாகிவிட்டது. பெண்கள் தண்ணீருக்கு ஆற்றுக்கு நடந்தார்கள். அரசன் செய்வதை ஊர் செய்யாமல் இருக்குமா? கிழிசலைத் தைத்துக் கட்டியவனைப் பார்த்துத் தெருவே சிரித்தது. பரணில் மூட்டை கட்டி வைத்திருந்த பழந்துணிகளை வாசலில் போட்டுக் கொளுத்தினார்கள். மாதத்துக்கு ஒரு போகி வந்ததுபோல ஊர் முழுக்கப் புகை.

அந்த நேரத்தில்தான் மாடத்திக்குப் பிள்ளை பிறந்தது. அரண்மனையைக் கூட்டிப் பெருக்கி, கூடை கூடையாக ஊருணியில் கொண்டுபோய்க் கொட்டுகிறவள் அவள். பிறந்த குழந்தைக்கு யாரும் புதுத்துணி போடுவதில்லை. துவைத்துத் துவைத்து மெலிந்த துணிதான் அந்த உடம்புக்கு ஆகும். ஏழு தெருவிலும் கேட்டுப் பார்த்தாள். ஒரு வீட்டிலும் பழைய துணி இல்லை. புதுத்துணி உரசிக் குழந்தையின் முதுகு சிவந்து தடித்ததும், அவள் மேட்டில் ஏறித் தேடி ஒரு துணியை எடுத்து வந்தாள். வில்லவராயரின் ஆட்கள் அதோடு அவளைப் பிடித்துவிட்டார்கள்.

சபையில் அவளை நிறுத்தியபோது விகடகவி குழைக்காதன் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தான். ஓராண்டாக அவனுக்கு வேலை இல்லை. அரசன் சிரிப்பதே இல்லை.

"எதற்காக எடுத்தாய்?" என்றான் அரசன்.

"புள்ளைக்குப் பழந்துணி வேணும் சாமி. மேட்டுல கெடக்கிறதெல்லாம் ஒருநா உடுத்துன பட்டு, ஒடம்பை அறுக்கும். இது ஒண்ணுதான் மெத்துனு இருந்துச்சு. எடுத்தது தப்புத்தான். புள்ளைய நெனச்சு எடுத்துட்டேன்."

வில்லவராயர் அந்தத் துணியைத் தூக்கிக் காட்டினார். ஓரத்தில் மஞ்சள் நூல் வேலை செய்த சின்னத் துணி. அரசன் ஒரு கணம் பார்த்துவிட்டு முகத்தைத் தூண் பக்கம் திருப்பிக்கொண்டான். வேறு யாரும் கவனிக்காததைக் குழைக்காதன் கவனித்தான்.

"பொட்டல்காட்டுக்கு அப்பால் அனுப்புங்கள்" என்றான் அரசன். பொட்டல்காட்டைக் கடக்க மூன்று நாள் நடக்க வேண்டும், வழியில் தண்ணீர் கிடையாது. பதினெட்டு நாள் குழந்தை அதைத் தாங்காது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

குழைக்காதன் எழுந்தான். "மகாராஜா, பழையதைத் திரும்பப் பயன்படுத்தியது குற்றம் என்றால், அந்தக் குற்றத்தைச் செய்யாமல் யாராலும் ஒருநாள்கூட வாழ முடியாது. தங்களாலும் முடியாது."

"நான் ஓராண்டாக வாழ்கிறேன்."

"இல்லை, மகாராஜா."

வில்லவராயருக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த சந்தோஷம். "அரசே, விகடகவி அதை நிரூபிக்கட்டும். நாளை மதியச் சாப்பாடு முடிவதற்குள், தாங்கள் ஒருமுறை பயன்படுத்திய ஒன்றைத் தாங்களே மறுபடி பயன்படுத்துவதாகக் காட்டட்டும். காட்டினால் இந்தப் பெண் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் அவரும் இவளுடன் நடக்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன்.

குழைக்காதன் மனதில் வைத்திருந்தது சிம்மாசனத்தையும் கிரீடத்தையும்தான். பாட்டனுக்குப் பாட்டன் உட்கார்ந்த ஆசனத்தைப் புதியது என்று எவன் சொல்வான்? ஆனால் அவன் சபையை விட்டு இறங்குவதற்குள் வில்லவராயரின் ஆட்கள் சிம்மாசனத்தைத் தோளில் சுமந்துகொண்டு வடக்கு வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே ஒரு தட்டில் கிரீடமும் போனது. கதவுகளைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை.

குழைக்காதன் பிற்பகல் வெயிலில் அவர்கள் பின்னாலேயே ஊருணி மேட்டுக்குப் போனான். சிம்மாசனம் பட்டு மூட்டைகளின் மேல் கவிழ்ந்து கிடந்தது. எச்சில் இலைகளும் மாலைகளும் மக்கிக் கறுத்திருந்தன. அந்தக் கறுப்பில் ஒரு பூசணிக் கொடி தளதளவென்று படர்ந்து, வடக்குச் சுவரில் ஏறி, சமையல்கட்டுப் பக்கம் இறங்கியிருந்தது. அவன் முகம் மலர்ந்தது. கொடியைப் பிடித்துக்கொண்டே வேரைத் தேடிப் போனான்.

வேர் இருந்த இடத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மரக்கிளிகள் தொங்கும் ஒரு தேக்குத் தொட்டில் அது. பாதி மண்ணில் புதைந்திருந்தது. இளவரசனின் முதல் பிறந்தநாளில் அந்தத் தொட்டிலுக்குப் பக்கத்தில் குட்டிக்கரணம் போட்டுக் காட்டியவன் அவன். மாடத்தி எடுத்தது இந்தத் தொட்டிலில் கிடந்த துணிதான் என்று இப்போது அவனுக்குத் தெளிவாகிவிட்டது.

இதைக் காட்டினால் மாடத்தி பிழைப்பாள், குழந்தை பிழைக்கும். அரசன் என்ன ஆவான்? மகனை நினைக்காமலிருக்க ஒரு நாட்டையே குப்பையில் கொட்டியவன் இதைப் பார்த்து உடைந்துபோனால், ஒரு தகப்பனை வதைத்த பாவம் தனக்குத்தானே. குழைக்காதன் வாழ்நாளில் எத்தனையோ பேரை மடக்கியிருக்கிறான். மடக்குவதற்குப் பயந்தது அன்றைக்குத்தான். காவலில் இருந்த மாடத்தியின் குழந்தை வீரிட்டு அழுவது சுவருக்கு அப்பாலிருந்து கேட்டது. அதன்பிறகு அவன் யோசிக்கவில்லை; சமையல்கட்டுக்குப் போய், மறுநாளைக்குப் பூசணிக் கூட்டு வைக்கச் சொல்லிவிட்டு வந்தான்.

மறுநாள் மதியம் அரசன் புதுப் பலகையில், புதுக் கிரீடத்தோடு சாப்பிட உட்கார்ந்தான். இரண்டு கவளம் உண்டபின், "இந்தப் பூசணிக் கூட்டு ருசியாக இருக்கிறது" என்றான். அவன் வாயிலிருந்து ருசி என்ற வார்த்தை வந்து ஓராண்டு ஆகியிருந்தது.

குழைக்காதன் வில்லவராயரிடம் கேட்டான். "ஐயா, இலையில் இருப்பது எல்லாமே புதியதுதானே?"

"சந்தேகம் என்ன? இந்தப் பூசணி இன்று காலை சமையல்கட்டுச் சுவரில் என் கண் முன்னால் பறித்தது. புத்தம் புதியது. என் பதவியையே பணயம் வைக்கிறேன்."

"மகாராஜா, இலையை மூடாமல், கையை மட்டும் கழுவிவிட்டு அந்தக் கொடியை வந்து பார்க்க வேண்டுகிறேன்."

சமையல்கட்டுச் சுவரில் கொடியைக் காட்டிவிட்டு, குழைக்காதன் அரசனை வடக்கு வாசல் வழியாக வெளியே அழைத்துப் போனான். அரசன் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. தன் ஓராண்டு குன்றாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்து நின்றான்.

"தாங்கள் எறிந்த இலை, தாங்கள் மிச்சம் வைத்த சோறு, தங்கள் கழுத்தில் வாடிய மாலை, எல்லாம் இங்கே மண்ணாகி, கொடியில் ஏறி, காயாகித் தங்கள் இலைக்கே திரும்பி வந்திருக்கின்றன, மகாராஜா. தாங்கள் எறிந்ததைத்தான் இன்று உண்டீர்கள். வேர் அதோ இருக்கிறது. பார்ப்பதும் பார்க்காததும் தங்கள் விருப்பம்."

அரசன் கொடியைப் பிடித்தபடி நடந்தான். தொட்டிலைக் கண்டதும் பட்டு உடையோடு அந்தக் குப்பையில் மண்டியிட்டு, மரக்கிளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"அவன் பூசணியை வாயில் வைக்கவே மாட்டான்" என்றான் அரசன் கடைசியில். "ஊட்டினால் என் முகத்தில் துப்புவான். ஆனால் சமையல்கட்டுக்குப் போய் விதையை மட்டும் கேட்டு வாங்கி வருவான். தொட்டில் முழுக்க விதைதான். முதுகில் குத்துகிறது என்று அழுவான், எடுக்கவும் விடமாட்டான்." அவன் தோள்கள் குலுங்கின. அழுகிறான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். "குழைக்காதா, தான் தின்னாததை எனக்கு ஊட்டிவிட்டானடா."

அரசன் சிரித்துக்கொண்டிருந்தான். கன்னத்தில் கண்ணீர் ஓட ஓடச் சிரித்தான். குழைக்காதனாலும் தாங்க முடியவில்லை, அரசனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

மாடத்தியை அன்றைக்கே விட்டார்கள். மஞ்சள் நூல் துணியை அரசனே குழந்தைமேல் போர்த்தி, "இது கிழிந்தால் எறியாதே" என்றான்.

"கிழிஞ்சா கரித்துணி ஆவும் சாமி. அதுவும் இத்துப்போனா வெளக்குத் திரி. எறிய என்ன இருக்கு?" என்றாள் அவள்.

அரசனின் ஆணை ரத்தாயிற்று. மேட்டில் கிடந்த ஒவ்வொன்றையும் கழுவித் துடைத்து, வேண்டிய வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு வில்லவராயருக்கு வந்தது. பதவியைப் பணயம் வைத்தவராயிற்றே. இரண்டு மழைக்காலம் போய் ஊருணியில் தண்ணீர் தெரிந்தது. தொட்டில் இருந்த இடத்தை மட்டும் யாரும் தோண்டவில்லை.

"உனக்கு என்ன பரிசு வேண்டும்?" என்று அரசன் கேட்டதற்கு, "தாங்கள் உடுத்திப் பழசான ஒரு மேல்துண்டு போதும், மகாராஜா. என் மகளுக்குப் பேறுகாலம் வருகிறது" என்றான் குழைக்காதன்.

அரசன் அரண்மனை முழுக்கத் தேடச் சொன்னான். அப்படி ஒன்றுகூட அங்கே இல்லை. அதனால் தன் தோளில் கிடந்த துண்டையே அன்றுமுதல் நாள்தோறும் துவைத்துப் போட்டுக்கொள்ளத் தொடங்கினான். சபைக்கு வரும்போதெல்லாம் அதன் நுனியை நீட்டி, "இது பழசாக இன்னும் எத்தனை நாள் ஆகும், தொட்டுப் பார்த்துச் சொல்" என்று குழைக்காதனைக் கேட்டுச் சிரிப்பான்.