எறும்புகள் ஏன் மீசையைத் தொட்டுக்கொள்கின்றன

எறும்புகள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஆற்றங்கரைப் புற்று ஒன்றில் ஒரு சட்டம் இருந்தது. மழை வருமா வராதா என்று சொல்லும் உரிமை குளத்துத் தவளையாருக்கு மட்டும்தான். பரம்பரைப் பட்டம் அது. அவர் கத்தும் முன்னே முட்டையை இடம் மாற்றினால் புற்றைவிட்டே விரட்டிவிடுவார்கள். தவளையாரோ முதுகு நன்றாக நனைந்த பிறகுதான் கத்துவார். அதற்குள் கீழறை முட்டைகளில் பாதி மிதந்து போயிருக்கும்.

நொய்யம்மாவுக்கு அதுதான் முதல் ஈடு முட்டைகள். சர்க்கரை என்று நினைத்து அவள் தூக்கி வந்த உப்புக்கல் ஒன்று பக்கத்திலேயே கிடந்தது. அது கசிந்த போதெல்லாம் பின்னாலேயே மழை வந்ததை அவள் கவனித்து வைத்திருந்தாள்.

ஒரு மத்தியானம் உப்பு நீராகவே ஓடியது. அவள் தலைவர் கட்டையனிடம் ஓடினாள்.

"தலைவரே, உப்பு கசியுது. முட்டைகளை மேலே கொண்டுபோகட்டுமா?"

"அடுப்படியில திருடின உப்பு நம்ம தவளையாரைவிடப் பெரிய ஜோசியரோ?"

"அவர் நனைஞ்ச பிறகுதானே கத்துறாரு?"

"வாயை மூடு! நம்ம முன்னோரெல்லாம் முட்டாள்களா?"

அறைக்குத் திரும்பினாள். விரட்டிவிட்டால் பிள்ளைகளோடு எங்கே போவது? இங்கேயே இருந்தால் பிள்ளைகளே இருக்காதே! ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு மேடேறினாள்.

பக்கத்து அறைப் பொன்னுருவி வழிமறித்தாள். "அடியே, மழைன்னு உனக்கு யாருடி சொன்னா?"

வாயில் முட்டை. பதில் சொல்ல வழியில்லை. உப்பு ஈரம் ஒட்டிய தன் மீசையை நீட்டி அவள் மீசையைத் தொட்டாள் நொய்யம்மா.

பொன்னுருவி திடுக்கிட்டாள். தன் அறைக்கு ஓடிச் சுவரைத் தடவினாள். அங்கேயும் ஈரம். அவளும் ஒரு முட்டையைக் கவ்வினாள், எதிரே வந்தவளைத் தொட்டாள். அவள் இன்னொருத்தியை. ஒரு சொல் இல்லாமல் புற்றே மேடேறியது. எல்லாரையும் விரட்ட முடியுமா என்ன?

மழை கொட்டியது. குளத்திலிருந்து தவளையார், "மழை! மழை!" என்றார். கடைசி ஆளாகத் தலைவர் சொட்டச் சொட்ட வந்து, "நான் காலையிலேயே நினைச்சேன்" என்றார். எல்லாரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். நொய்யம்மா உலர்ந்த மண்ணில் முட்டைகளை அணைத்தபடி நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.

எவ்வளவு அவசரமானாலும், எதிரே வருபவரிடம் ஒரு நொடி நின்று, வாய் திறக்காமல் மீசையோடு மீசை தொட்டுப் பார்த்துவிட்டு எறும்புகள் நடப்பது அன்றிலிருந்துதான்.