காக்கட்டீல் கற்ற ஓசை

மேகம் ஜன்னல் வழியே வீட்டுக்குள் வந்து போகும் மலையூர் அது. அங்கே பர்வீன் காக்கட்டீல் பறவைகளை வளர்த்துப் பேசப் பழக்கிவந்தாள். அவளுக்கு வயது முப்பத்திரண்டு. அவளிடம் அந்த வித்தையைக் கற்க வந்த சத்தியசீலனுக்கு அறுபத்தாறு.

அவர் மனைவி எஸ்தர் பக்கவாதத்தில் பேச்சை இழந்திருந்தாள். "ஏங்க" என்று அவள் கூப்பிடுவதை இன்னொரு முறை கேட்க வேண்டும் அவருக்கு. பறவையாவது கூப்பிடட்டும் என்று, மஞ்சள் கொண்டையும் ஆரஞ்சுக் கன்னமுமாக ஒன்றைப் பர்வீனிடம் வாங்கிப்போய் முன்னறையில் வைத்தார். தினமும் எஸ்தர் படுத்திருந்த உள்ளறையின் கதவைச் சாத்திக்கொண்டு, "ஏங்க... ஏங்க..." என்று அதன் எதிரே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்து மாதம் போயிற்று.

"ஏன் டீச்சர் இது பேச மாட்டேங்குது?"

"ஒரு நாள் வாயைத் திறக்காம அதோட உட்கார்ந்திருக்கீங்களா ஐயா?"

"சும்மாவா?"

"சும்மா. நானும் வரேன்."

மறுநாள் இருவரும் கதவைச் சாத்திக் கூண்டின் முன் உட்கார்ந்தார்கள். மேகம் உள்ளே வந்தது. நாற்காலிகளின் கால்கள் மறைந்தன. கூண்டு மட்டும் வெண்மையில் மிதந்தது. பறவை மெல்ல விசிலடித்தது. குக்கர் போலச் சீறியது. பிறகு கொண்டையை உயர்த்தி, "டொக், டொக்" என்றது.

"இது யார் சொல்லிக்கொடுத்தது?"

"அதுவா டீச்சர், பக்கத்து வீட்டுல மரவேலை நடக்குது. நான் இந்தக் கதவைச் சாத்தினாப் போதும், ஆரம்பிச்சுடுவாங்க."

பர்வீன் சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

சற்று நேரத்தில் அதே ஓசை உள்ளறையிலிருந்து வந்தது. டொக், டொக்.

சத்தியசீலன் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். எஸ்தர் இடதுகை மோதிரத்தால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் கை நின்றது.

"தண்ணி வேணுமா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"குளுருதா?"

அதற்கும் இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டு அவள் கண்ணை மூடினாள்.

அவள் தூங்கிய பிறகே அவர் வெளியே வந்தார்.

"அஞ்சு மாசமாக் கூப்பிட்டிருக்கா டீச்சர். எனக்குக் கேட்கலை. இதுக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு?"

பர்வீன் கூண்டின் கிண்ணத்தில் தினையை நிரப்பினாள்.

"அதுக்கு 'ஏங்க'ன்னுதான் கேட்கணும்னு இல்லையே ஐயா."