சற்குணத்தின் குரலைத் துடைத்தவர்

பழி என்று ஒன்று வந்தால் அதை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு நகர்வதுதான் உலக வழக்கம். ஒரே பழிக்கு நான்கு பேர் ‘என்னுடையது’ என்று வந்து நின்ற கதை இது. பொறுமையாகக் கேளுங்கள். தீர்ப்பு உங்களுடையது.

விருத்தாசலம் பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒலிபெருக்கியில் பேருந்து நேரம் சொன்னவர் சற்குணம். தொண்டையில் புற்றுநோய் கண்டது. குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். அப்போது அவர் மனைவி பூங்கோதைக்கு ஒரு வழி தோன்றியது. அறுவைக்கு முன்பு பதினோரு நாட்கள் வீட்டுக் கணினியின் முன் அவரை உட்காரவைத்து, அன்றாடம் பேசும் பேச்சையெல்லாம் பதிவு செய்தாள். ‘கோதை, தண்ணி கொண்டா’, ‘வாங்க, உக்காருங்க’, ‘வலிக்குது’, கட்டிக்கொடுத்த மகளைக் கூப்பிடும் ‘செல்லி’ என்று அறுநூற்று நாற்பது பதிவுகள். ஒவ்வொன்றும் சரியாக மூன்று நொடி. விசைப்பலகையில் அதற்குரிய எண்ணைத் தட்டினால் கணினி அவர் குரலிலேயே பேசும். இன்னொரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, சொல்லவும் ஆளில்லை.

அறுவை முடிந்தது. ஏழு மாதம் அவருக்காக அந்தக் கணினிதான் பேசியது. பிறகு அது மந்தமாகிவிட்டது. தட்டிய பேச்சு அரை நிமிடம் கழித்தே வரும். அது ‘வாங்க’ என்று சொல்வதற்குள் வந்தவர் பேசி முடித்துக் கிளம்பியிருப்பார். சற்குணம் மெல்ல மெல்லத் தட்டுவதையே விட்டுவிட்டார்.

அதைப் பார்க்கப் பொறுக்காமல் பூங்கோதை இணையத்தில் தேடினாள். நூற்றுக்கணக்கான மென்பொருள்களைத் தொகுத்துவைத்து, ஒவ்வொன்றின் கீழும் பயன்படுத்தியவர்களின் கருத்தைப் போடும் ஒரு தளம் அகப்பட்டது. அதில் ‘துடைப்பம்’ என்று ஒன்று. ஒரே கோப்பு பல பிரதிகளாகக் கிடந்தால், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தடமில்லாமல் அழித்துவிடுமாம். அவள் அவசரக்காரி அல்ல. முந்நூற்றுச் சொச்சம் கருத்துகளையும் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தாள். ஆத்தூரில் தட்டச்சு நிலையம் நடத்தும் தமயந்தி என்பவர் எழுதியதுதான் முதலில் நின்றது: ‘கண்ணை மூடிக்கொண்டு போடலாம். என் கணினி குதிரை மாதிரி ஓடுகிறது.’ ஐந்து நட்சத்திரம். கெடுதல் சொல்லி ஒருவர்கூட எழுதவில்லை.

அந்தத் தளத்திலிருந்தே இறக்கிப் போட்டாள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

“என்னங்க, இப்பத் தட்டிப் பாருங்க” என்றாள்.

சற்குணம் ‘செல்லி’யைத் தட்டினார். சத்தமில்லை. தண்ணீரைத் தட்டினார். வலியைத் தட்டினார். மத்தியானம் வரைக்கும் ஒவ்வோர் எண்ணாகத் தட்டிக்கொண்டிருந்தார். முதன்முதலில் செய்த பதிவு ஒன்று மட்டும் பேசியது: “ஒண்ணு, ரெண்டு, மூணு… மைக் வேலை செய்யுதா?”

எல்லாம் மூன்று நொடிப் பதிவுகள் என்பதால் எல்லாக் கோப்புகளும் ஒரே அளவு. அளவு ஒன்றாக இருந்தாலே பிரதிதான் என்று துடைப்பம் முடிவு கட்டிவிட்டது. கணினியைத் தூக்கிக்கொண்டு கடலூருக்குப் போனாள், சென்னைக்குப் போனாள். “வெறுமனே அழிச்சிருந்தா மீட்டுடலாம்மா. இது அதுக்கு மேலயே எழுதித் துடைச்சிருக்கு. எங்க போனாலும் வராது” என்றார்கள்.

நடந்ததை அதே தளத்தில் தன் தொலைபேசி எண்ணோடு எழுதிப் போட்டாள். முதலில் அழைத்தது தமயந்தி.

“ஒரே ஒரு நாள்தாங்க ஓட்டிப் பாத்தேன். ‘கண்ணை மூடிக்கிட்டு’ன்னு எழுதியிருக்கக் கூடாது. இந்தப் பாவம் எனக்குத்தான்.”

மறுநாள் திண்டுக்கல்லிலிருந்து சகாயராஜ் என்ற புகைப்படக்காரர் அழைத்தார். “என் படங்களும் இப்படித்தான் போச்சு. ‘யாரும் தொடாதீங்க’ன்னு அங்க எழுதினேன். துடைப்பத்தைச் செஞ்ச தம்பி திருத்தி, புதுசை எனக்கு அனுப்பினாரு. நாலு தடவை சோதிச்சேன், சரியா இருந்துச்சு. எழுதினதை எடுத்துடுங்க சார்னு கேட்டாரு, எடுத்துட்டேன். அது இருந்திருந்தா நீங்க போட்டிருக்க மாட்டீங்க. தப்பு என்னோடதும்மா.”

மூன்றாவதாக, துடைப்பத்தைச் செய்த கதிர்வேந்தன் கோயம்புத்தூரிலிருந்து நேரிலேயே வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“பிழை என்னோடதுங்க. தெரிஞ்ச ரெண்டே நாள்ல திருத்திட்டேன். ஆனா அந்தத் தளம் என் கையில இல்லைங்க. பழசை எடுத்துட்டுப் புதுசைப் போடுங்கன்னு அன்னைக்கே எழுதினேன், பதிலே இல்லை. மறுபடி போய்ப் பாத்தேன், பழசேதான் கெடந்துச்சு. சகாயராஜ் சார் எழுதினதைப் பாத்து ஒருத்தரும் என் மென்பொருளைத் தொடல. பொழப்பே நின்னு போச்சு. அதனாலதான் நான் போய்ப் பாத்ததுக்கு அடுத்த வாரம் அவரை எடுக்கச் சொல்லிக் கேட்டேங்க” என்றவன், முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“நானும் ஒரு பிரதி எடுத்து வச்சிருக்கணும்ப்பா. என் கையாலதானே போட்டேன்” என்றாள் பூங்கோதை.

சற்குணம் ஒரு துண்டுத் தாளில் ‘யாரா இருந்தா என்ன’ என்று எழுதி மேசைமேல் வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தமயந்தி, சகாயராஜ், கதிர்வேந்தன், பூங்கோதை. இந்த நால்வரில் அந்தப் பழி யாரைச் சேரும்?

விடை: தமயந்தி ஆராயாமல் புகழ்ந்தார், ஆபத்து இருப்பது அவருக்குத் தெரியாது. சகாயராஜ் தான் சோதித்ததை நம்பினார். தளத்தில் பழையதே கிடப்பது அவருக்குத் தெரியாது. பூங்கோதைக்குத் தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் போயிற்று. கதிர்வேந்தனின் பிழை யாருக்கும் வரக்கூடியதுதான். அதற்காக அவனைப் பிடிக்க வேண்டாம். ஆனால் பழையது அங்கேயே கிடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, அதைப் பற்றி ஊருக்கு இருந்த ஒரே எச்சரிக்கையை எடுக்கச் சொன்னவன் அவன். பழி அவனையே சேரும். பூங்கோதை இதை மறுநாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது கண்டுகொண்டாள். அடுப்பை அணைத்துவிட்டுப் போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். மேசைமேல் கிடந்த அந்தத் துண்டுத் தாளையே எடுத்து அவளிடம் நீட்டினார்.