பொறுப்பாளர் பெயர்

ஞானக் கதைகளில் குரு வாய் திறப்பதற்கு முன்பே தரை பெருக்கப்பட்டிருக்கும். விளக்கில் எண்ணெய் இருக்கும். சீடன் கைகழுவத் தண்ணீர் இருக்கும். பெருக்கியது யார், ஊற்றியது யார், சுமந்தது யார் என்று கதை சொல்பவர்கள் சொல்வதில்லை. இந்தக் கதையில் சுமந்தவள் பெயர் பூவாயி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு குருவின் பெருமையில் மறந்துபோகும்.

நாற்பத்தொரு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, பேருந்து திரும்பிப் போகும் இடத்தில் இறங்கி, அங்கிருந்து ஒரு மணி நேரம் ஜீப்பில் குலுங்கினால் அந்த விடுதி வரும். ஓவியங்களுக்காகவே கட்டிய விடுதி. அறைகளுக்கு எண் கிடையாது. அங்கே மாட்டியிருக்கும் ஓவியத்தின் பெயரே அறையின் பெயர். மாடியில் ‘மழைக்கு முன்’ என்றோர் அறை. அந்த ஓவியத்தை வரைந்தவர் மங்கையர்க்கரசி. வயது நாற்பத்தொன்பது. அவருடைய மாணவர் அருளானந்தம், ஓய்வுபெற்ற நில அளவையர், ஆசிரியையைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆசிரியையின் ஓவியம் இருக்கும் அறையில்தான் தங்குவேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டவர்.

அருளானந்தத்தின் முதல் ஓவியத்தை விடுதியின் நடைவழியில் மாட்டலாமா என்று பார்க்க, இருவரும் போய்ச் சேர்ந்த மறுநாள் நண்பகலில் உரிமையாளர் வருவதாக ஏற்பாடு. ஓவியம் முடிந்துவிட்டது. கையெழுத்து மட்டும் மிச்சம்.

வந்து இறங்கிய மாலையே அருளானந்தம் கேட்டார்.

“டீச்சர், கையெழுத்தை எங்க போடறது? வலது மூலையிலயா, இடது மூலையிலயா?”

மங்கையர்க்கரசி பையை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

இரவு உணவுக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தபோது மறுபடியும் கேட்டார்.

“சப்பாத்தி வரட்டும்,” என்றார் ஆசிரியை.

சப்பாத்தி வந்தது. பதில் வரவில்லை.

காலையில் ஆசிரியை வரவேற்பறையில் பால் இல்லாத தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். பால் இன்னும் மலையேறவில்லை என்று சொல்லியிருந்தார்கள். தோளில் துண்டோடு அருளானந்தம் இறங்கி வந்தார்.

“குழாயைத் திறந்தா ஐஸ். வாசல்ல ஒரு வாளி வெந்நீர் வெச்சிருந்தாங்க, தொட்டுப் பார்த்தா அது குழாய்த் தண்ணிக்குத் தங்கச்சி. போர்வை ஈரம், தலையணை ஈரம். மூணு தடவை பெல் அடிச்சேன். ஒரு ஆள் எட்டிப் பார்க்கலை. சுவத்துல இருந்த உங்க ஓவியம்தான் என்னைப் பார்த்துட்டு இருந்தது.”

மேலாளர் திவாகர் சிரித்த முகத்தோடு ஒரு பதிவேட்டை அவர் முன் தள்ளினார்.

“எழுதிடுங்க சார். முதலாளி வந்ததும் முதல்ல இதைத்தான் படிப்பார்.”

பதிவேட்டில் மூன்று கட்டங்கள். தேதி. குறை. பொறுப்பாளர் பெயர். பெயர் இல்லாத குறையை ஏற்பதில்லை என்பது அந்த விடுதியின் நடைமுறை. ஒரே பெயர் மூன்று முறை வந்தால் அந்த ஆள் அன்றே வேலையை விட்டுப் போக வேண்டும். முதல் பக்கத்தில் அழகான எழுத்தில் அச்சிட்டு, சுற்றிலும் பூங்கொடி வரைந்திருந்தார்கள்.

அருளானந்தம் எழுதினார்: ‘வெந்நீர் ஆறிப்போயிருந்தது.’ மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது.

“யார் பேரை எழுதறது?”

“கூப்பிடறேன் சார்.”

சமையலறைப் பக்கத்திலிருந்து பூவாயி வந்தாள். முழங்கை வரை ஈரம். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

“உன் பேர் என்னம்மா?”

“பேரைக் கேட்டுட்டீங்களா? அப்ப குறைதான் எழுதறீங்க. நல்லதுக்கு இங்க யாரும் பேரு கேக்க மாட்டாங்க.” அவள் பதிவேட்டைத் தாடையால் சுட்டினாள். “பூவாயி. மேல ரெண்டு எடத்துல இருக்கு பாருங்க. இது மூணாவது. திவாகர் சார், மத்தியானம் சோறு வடிக்க வேற ஆளைப் பாத்துக்கோங்க.”

அருளானந்தம் பேனாவோடு நிமிர்ந்தார்.

“ஆனா வெந்நீர் ஆறிப்போச்சே அம்மா? அது உண்மைதானே?”

“உண்மைதாங்க ஐயா. நானும் தொட்டுப் பாத்துட்டுத்தான் வெச்சேன்.”

மங்கையர்க்கரசி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“பூவாயி, தண்ணி எங்க காயுது?”

“பின்கட்டுல அம்மா. விறகடுப்பு.”

“இந்தப் படியில ஏறினா மாடிக்கு எத்தனை படி?”

“இருபத்திரண்டு. ஆனா இதுல நான் ஏறக் கூடாது.”

“ஏன்?”

திவாகர் முந்திக்கொண்டார். “மேடம், வர்றவங்க கண்ணுல ஓவியம்தான் படணும். வாளி படக் கூடாது. அதுதான் எங்க கான்செப்ட்.”

“அப்ப எந்த வழியா ஏறுவே?”

“வெளியில சுவரைச் சுத்தி இரும்புப் படி இருக்கு. அறுபத்தெட்டு. பனியில மேல போய்ச் சேர்றதுக்குள்ள தண்ணி ஆறிடும், எனக்கு வேர்த்துடும்.”

“மாடியில ஹீட்டர் கிடையாதா?”

“இருக்கு மேடம்,” என்றார் திவாகர். “போட்டா ஜெனரேட்டர் தாங்காது. ஓவியத்துக்கு ஈரம் ஆகாதே? அதனால ஒவ்வொரு ஓவியத்தையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சு, உள்ள காத்தைக் காய வைக்கிற மெஷின் ஓட்டறோம். இருக்கறதிலேயே பெரிய மெஷின் உங்க ஓவியத்துக்குத்தான்.”

அதைப் பெருமையாகவே சொன்னார்.

“அதை நிறுத்துங்க.”

“மேடம்! பூஞ்சை பிடிச்சிடும்.”

“பிடிக்கட்டும்.”

“அவ்வளவு நல்ல ஓவியம் மேடம்.”

“அது நல்லா இருக்குதா இல்லையான்னு நான் சொல்லிக்கறேன். நிறுத்துங்க.”

“முதலாளி என்னைக் கொன்னுடுவார்.”

“என் பேரைச் சொல்லுங்க.”

திவாகர் அசையவில்லை. ஆசிரியை எழுந்து, அருளானந்தத்தின் கையிலிருந்து பேனாவை வாங்கினார். பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். அவர் எழுதியிருந்த வரியை அடிக்கவில்லை. மூன்றாவது கட்டத்தில், தன் ஓவியங்களில் இடும் அதே சாய்ந்த எழுத்தில், முழுப்பெயரையும் எழுதினார்: மங்கையர்க்கரசி.

பூவாயி இடுப்பிலிருந்து கைபேசியை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டாள். திவாகர், “ஏய், என்ன பண்றே?” என்றார்.

“ஓவியந்தானே சார்? வர்றவங்க எல்லாரும் எடுக்கறாங்க.”

அருளானந்தம் ஆசிரியையின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“டீச்சர், இதைப் படிச்சா உரிமையாளர் என் ஓவியத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். போகட்டும். நீங்க என்ன தப்பு பண்ணீங்க? வரைஞ்சீங்க, குடுத்தீங்க. அதோட உங்க வேலை முடிஞ்சது. இதுல உங்க பேர் எதுக்கு?”

மங்கையர்க்கரசி பேனாவை அவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

“நேத்திலேர்ந்து கையெழுத்தை எங்க போடறதுன்னு கேட்டுட்டே இருக்கீங்க.”

ஈரம் காயாத அந்தப் பெயரின் அடியில் விரலை வைத்தார்.

“இங்க.”

அருளானந்தம் பதிவேட்டின் மேல் குனிந்து அந்தப் பெயரைப் படித்தார்.

பூவாயி அன்று வேலையிலிருந்து போகவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறொரு விருந்தினர் அதே ஆறிய வெந்நீருக்கு அவள் பெயரை எழுதினார், அன்றே அனுப்பிவிட்டார்கள். அது தன் பொறுப்பல்ல என்பதற்குச் சாட்சியாக, அவள் கைபேசியிலிருந்த படத்தோடு மலையிறங்கித் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். பதினோரு மாதம் அலைந்தாள். அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. சேர்ந்தாள். ஓவியங்களின் இயந்திரங்கள் இன்னும் ஓடுகின்றன. வாளியும் இருக்கிறது. பூவாயி இப்போது யாரையும் கேட்காமல் வரவேற்பறையின் உள்படியில் ஏறுகிறாள், இருபத்திரண்டு படிகள். எதிரே இறங்கி வருபவர்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். வெந்நீர் சூடாகப் போய்ச் சேருகிறது.