முதல் கை ஓடைக்கு

கல்லுக்கும் காது கேட்ட அந்தக் காலத்திலே, தாழையோடை என்று ஒரு சின்ன ஓடை இருந்தது. இறங்கினால் முழங்கால்தான் நனையும். ஆனால் மூன்று ஊர்கள் அதை நம்பிப் பிழைத்தன. மேலூரில் குயவர்கள், நடுவூரில் உழவர்கள், கீழூரில் வாத்து மேய்ப்பவர்கள். மூன்று ஊருக்கும் ஒரே வழக்கம். அள்ளிய முதல் கைத் தண்ணீரை ஓடையிலேயே விட்டு, "முதல் கை ஓடைக்கு, மறு கை நமக்கு" என்று சொல்லித்தான் குடிப்பார்கள்.

ஒரு கோடையில் கருஞ்சடையன் என்ற மந்திரவாதி வந்தான். ஓடை முழுவதையும் ஒரு செம்புக்குள் அடைத்தான். காய்ந்த மணலில் கால் நீட்டி உட்கார்ந்தான்.

"'ஓடை உன்னுடையது சாமி'ன்னு சொல்லுங்க. ஆளுக்கு ஒரு கை தண்ணி!"

தாகம் பொல்லாதது. மேலூர் சொன்னது, குடித்தது. நடுவூர் சொன்னது, குடித்தது. கீழூரும் சொன்னது, குடித்தது. அவசரத்தில் முதல் கையை எல்லாரும் மறந்தார்கள்.

வாத்துக்காரப் பெண் மருதாயி மட்டும் சொல்லவில்லை. அவள் வாத்துகள் அந்த ஓடை மணலிலேயே அலகைத் திறந்தபடி சாய்ந்து கிடந்தன.

மேலூர்க் குயவர் முத்தாண்டி அன்றைய பங்கைக் கலயத்தில் வாங்கிக்கொண்டு அவளிடம் வந்தார். "ஏ புள்ள, வாத்தெல்லாம் சாகப்போகுது. ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலையேன்!"

"சொல்ல மாட்டேன் மாமா. ஓடை அவனோடது இல்ல."

மந்திரவாதி சிரித்தான். "நாக்கு நனைஞ்சா தானா வழிக்கு வருவே. இந்தா!" என்று அவள் கையில் ஊற்றினான்.

மருதாயி வாத்துகளைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். விரல்களை விரித்துவிட்டாள்.

"இது கீழூர் மறந்த முதல் கை."

மணல் குடித்தது. செம்பு நடுங்கியது.

"எத்தனை தடவை கொட்டுவே? என்கிட்ட ஓடையே இருக்கு!" அவன் மறுபடி ஊற்றினான்.

"இது நடுவூர் மறந்த முதல் கை."

மணல் குடித்தது. செம்பு குதித்தது. மந்திரவாதிக்கு வியர்த்தது. செம்பை மார்போடு அணைத்துக்கொண்டான். "இனி ஒரு சொட்டு கிடையாது, போடி!"

மருதாயியின் வெறுங்கை நீண்டபடியே நின்றது. முத்தாண்டி அந்தக் கையைப் பார்த்தார். கலயத்தை அப்படியே கவிழ்த்தார்.

"இது மேலூரோட முதல் கைடா!"

செம்பு வெடித்தது. ஓடை பாய்ந்தது. சாய்ந்து கிடந்த வாத்துகள் கத்திக்கொண்டே மிதந்தன. நுரை அடங்கியபோது மந்திரவாதியைக் காணோம். அவன் உட்கார்ந்த இடத்தில் ஒரு கருங்கல் கிடந்தது.

இன்றும் மூன்று ஊராரும் அந்தக் கல்லில்தான் துணி துவைக்கிறார்கள். ஓங்கி ஓங்கி அடித்து, "ஓடை யாரோடது, சொல்லுடா!" என்று கேட்கிறார்கள்.

அதற்குக் காது நன்றாகக் கேட்கும். வாய்தான் இல்லை.